எந்தச் சோதனையைச் செய்வது? உலோக வலிமையைக் கணிக்கும் மாதிரிகளும் சோதனைத் தேர்வும்

கொச்சியை அடுத்த களமசேரியிலிருந்து நெடுஞ்சாலை வழியே தெற்கே வந்தால், எடப்பள்ளியைத் தாண்டிய சிறிது தூரத்தில் பாலாரிவட்டம் மேம்பாலம். 2016 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தப் பாலம், மூன்று ஆண்டு நிறைவதற்கு முன்பே, 2019 மே மாதத்தில் மூடப்பட்டது. விட்டங்களில் விரிசல் கண்டிருந்தது. சென்னை ஐஐடி நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். கார்பன் இழைப் பட்டை ஒட்டி விட்டங்களைப் பலப்படுத்தலாம் என்ற வழி பேசப்பட்டது. நேரில் பார்த்த பொறியாளர் இ. ஸ்ரீதரன், மேற்கட்டுமானத்தை அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நிலையான தீர்வு என்றார். விவகாரம் நீதிமன்றம் போனது. அங்கே வாதம் முழுவதும் ஒரு சோதனையைச் சுற்றியே நடந்தது: இடிக்கும் முன் சுமைச் சோதனை செய்ய வேண்டுமா, வேண்டாமா?

2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சோதனை செய்யச் சொன்னது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 செப்டம்பரில், சோதனைக்குக் காத்திராமல் கட்டுமானத்தைத் தொடங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பில் மறுகட்டுமானம் முடிந்து, 2021 மார்ச்சில் பாலம் மீண்டும் திறந்தது.

யார் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருள் அல்ல. அந்த வழக்கு பொதுமக்கள் முன் வைத்த அறிவியல் கேள்விதான் பொருள். ஒரு சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்? கான்கிரீட் கட்டுமானங்களுக்கான இந்தியத் தரநெறி ஐஎஸ் 456, சுமைச் சோதனையை இப்படி வகுக்கிறது: கட்டுமானத்தின் தன் எடையோடு, பயன்பாட்டுச் சுமையைப் போல் 1.25 மடங்கை ஏற்றி 24 மணி நேரம் விடவேண்டும். சுமையை இறக்கிய 24 மணி நேரத்துக்குள் தொய்வில் குறைந்தது 75 சதவீதம் மீள வேண்டும். பாலங்களுக்குத் தனி வழிகாட்டி உண்டு. அடிப்படை எண்ணம் இதுவே. இன்றைக்கு இது தாங்குமா என்ற கேள்விக்கு இச்சோதனை நேரடியான பதில் தரும். இருபது மழைக்காலம் கடந்து, விரிசல் வழியே ஈரமும் உப்புக் காற்றும் இறங்கி, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்த பிறகு தாங்குமா என்று கேட்டால், அதற்கு இதனிடம் பதில் மிகக் குறைவு. விரிசல் அகலம், கம்பியின் மேலுள்ள கான்கிரீட் உறையின் தடிப்பு, வெட்டியெடுத்த கான்கிரீட் உருளையின் வலிமை, உப்பு ஊடுருவிய ஆழம் ஆகியவைதான் அந்த இரண்டாம் கேள்விக்கு அருகில் நிற்கும் அளவீடுகள்.

பொருள்களின் வலிமை பற்றிய ஆய்வில் இந்தத் தேர்வு நாள்தோறும் நேர்கிறது. ஒரு கப்பல் தகடு, ஒரு ராக்கெட் உறை, ஒரு அணு உலைக் கலன் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணிக்க ஒரு சமன்பாடு வேண்டும். சமன்பாட்டில் சில எண்கள் வெற்றிடமாக நிற்கும். சோதனை செய்து அவற்றை நிரப்ப வேண்டும். எந்தச் சோதனைகள், எத்தனை, எந்த வெப்பத்தில், எந்த வேகத்தில்? நூறாண்டாகப் புள்ளியியலாளர்களும் உலோகவியலாளர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாக நிற்கிறது: சோதனையின் மதிப்பு அதன் எண்ணிக்கையில் இல்லை, எந்த ஐயத்தை அது தீர்க்கிறது என்பதில் இருக்கிறது.

ஐந்து எண்கள், நான்கு கருவிகள்

உலோகத்தை இழுத்தால் முதலில் மீள்தன்மையோடு நீளும். ஓர் எல்லைக்குமேல் நிரந்தரமாக உருமாறும். அந்த உருமாற்றத்தின்போது உலோகம் காட்டும் எதிர்ப்பு மூன்றைப் பொறுத்தது: எவ்வளவு உருமாறியிருக்கிறது, எவ்வளவு வேகமாக உருமாறுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது. 1983இல் கார்டன் ஜான்சனும் வில்லியம் குக்கும் இம்மூன்றையும் ஒரே பெருக்கலில் அடக்கினார்கள். முதல் உறுப்பு, உருமாற உருமாற உலோகம் கடினமாவதைச் சொல்கிறது. இரண்டாவது, திரிபு வீதத்தின், அதாவது உருமாறும் வேகத்தின், மடக்கைக்கு ஏற்ப வலிமை கூடுவதைச் சொல்கிறது. மூன்றாவது, உருகுநிலையை நெருங்க நெருங்க மென்மையாவதைச் சொல்கிறது. மொத்தம் ஐந்து அளவுருக்கள்: ஏ, பி, என், சி, எம். அந்த முதல் கட்டுரையிலேயே 12 பொருள்களுக்கு இவற்றைத் தந்தார்கள். இன்றைக்கும் மோதல், வெடிப்பு, உலோக வெட்டு பற்றிய கணினிக் கணிப்புகளில் அதிகம் பயன்படும் மாதிரி இதுதான்.

இதற்கு முன்னும் பின்னும் வேறு மாதிரிகள் வந்தன. 1980இல் ஸ்டைன்பர்க்கும் துணையாசிரியர்களும் மிக உயர்ந்த அழுத்தங்களுக்கென ஒன்றைத் தந்தார்கள். 1987இல் செரில்லியும் ஆம்ஸ்ட்ராங்கும் படிகத்துக்குள் நடக்கும் இடப்பெயர்வுகளிலிருந்து தொடங்கிச் சமன்பாடு அமைத்தார்கள். 2003இல் பிரஸ்டன், டாங்ஸ், வாலஸ் மூவரும் மெதுவான இழுப்பிலிருந்து அதிர்ச்சி அலை வரையிலான பரப்பை ஒரே மாதிரிக்குள் கொண்டுவர முயன்றார்கள். மாதிரி விரிய விரிய நிரப்ப வேண்டிய எண்களும் பெருகின. சோதனைக்கான செலவும் கூடவே ஏறியது.

கருவிகளிலும் படிநிலை உண்டு. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் நிற்கும், துண்டுகளை இழுத்துச் சோதிக்கும் யுடிஎம் இயந்திரம் நொடிக்கு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற மெதுவான திரிபு வீதத்தில் தொடங்கும். ஹாப்கின்சன் தண்டு நொடிக்கு நூறு முதல் சில ஆயிரம் வரை போகும். 1914இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் தொடங்கிவைத்த உத்தியை, இரண்டு தண்டுகளுக்கு நடுவே துண்டை வைக்கும் இன்றைய வடிவத்துக்கு 1949இல் கோல்ஸ்கி கொண்டுவந்தார். டெய்லர் சோதனையில் உலோக உருளையைத் துப்பாக்கிக் குண்டுபோல் சுவரில் மோதவிட்டு, நசுங்கிய வடிவத்திலிருந்து வலிமையைக் கணக்கிடுவார்கள், ஜி. ஐ. டெய்லர் 1948இல் வெளியிட்ட முறை இது. இன்னும் மேலே போனால் தகட்டைத் தகட்டின்மேல் ஏவும் அதிர்ச்சி அலைச் சோதனை. படி ஏற ஏறச் செலவும் கூடும், கிடைக்கும் வாய்ப்புகளும் குறையும். யுடிஎம்மில் ஒரு நாளில் இழுக்கக்கூடிய துண்டுகளின் எண்ணிக்கை, தகட்டு மோதலில் ஒரு மாதத்துக்குக்கூடக் கிடைக்காது.

ஓர் எஃகு, ஒரு கணக்கு

தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அளவுருவை எடுத்துப் பார்த்தாலே புரியும். 4340 எஃகுக்கு ஜான்சனும் குக்கும் தந்த சி மதிப்பு 0.014. வேகம் கூடும்போது வலிமை எவ்வளவு கூடும் என்பதைச் சொல்வது இந்த எண்தான். நொடிக்கு 1 என்ற வீதத்தில் ஒரு சோதனை, 10 என்ற வீதத்தில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே வலிமை கூடுவது ஏறக்குறைய 3.2 சதவீதம். ஒவ்வொரு அளவீட்டிலும் 2 சதவீதப் பிழை இருந்தால், இரண்டின் வித்தியாசத்தில் பிழை 2.8 சதவீதம் ஆகிவிடும். தேடும் விளைவும் பிழையும் ஏறத்தாழ ஒரே அளவு. இப்படிப் பத்து முறை செய்தாலும் சி நம்பகமாகக் கிடைக்காது. 10க்குப் பதிலாக 1000 என்ற வீதத்துக்குப் போனால் வலிமை 9.7 சதவீதம் கூடும். அதே 2.8 சதவீதப் பிழைக்கு நடுவிலும் இது தெளிவாகத் தெரியும். உழைப்பு அதேதான். சோதனைப் புள்ளியை இடம் மாற்றியதுதான் வேறுபாடு.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வேகமாக உருமாறும் உலோகத்தில் செலவாகும் வேலையில் பெரும்பங்கு வெப்பமாக மாறுகிறது. இதை 1934இல் டெய்லரும் குயின்னியும் அளந்து காட்டினார்கள். மெதுவான சோதனையில் அந்த வெப்பம் வெளியேறிவிடும். ஹாப்கின்சன் தண்டில் வெளியேற நேரமில்லை. 4340 எஃகை 20 சதவீதத் திரிபு வரை கொண்டுபோனால், வேலையில் பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்கிட, துண்டு ஏறக்குறைய 55 டிகிரி சூடாகும். அந்தச் சூட்டால் வலிமை 3 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். ஆகவே அளவீட்டில் தெரியும் உயர்வு 9.7 அல்ல, சுமார் 6 சதவீதம். இதைக் கவனிக்காமல் சி கணக்கிட்டால் 0.014 இருக்க வேண்டிய இடத்தில் 0.009 வந்து நிற்கும். வேகத்தின் விளைவும் வெப்பத்தின் விளைவும் ஒரே சோதனைக்குள் பின்னிக் கிடக்கின்றன. அதே சோதனையை நூறு முறை திரும்பச் செய்தாலும் முடிச்சு அவிழாது. வேகத்தை மாற்றாமல் வெப்பத்தை மட்டும் மாற்றிய வேறொரு சோதனை இருந்தால்தான் அவிழும்.

சோதனைத் தேர்வு என்ற துறை இந்த இரண்டு பாடங்களிலிருந்தே கிளைக்கிறது. அளவுருவின் விளைவு பெரிதாகத் தெரியும் இடத்தில் சோதனை செய்ய வேண்டும். இரண்டு அளவுருக்கள் ஒன்றின் வேடத்தை மற்றொன்று போடாத வகையில் சோதனைகளைச் சேர்க்க வேண்டும்.

கொல்கத்தா வழியே வந்த கணிதம்

இந்தப் பாடங்களுக்குக் கணித வடிவம் கொடுத்த வரலாற்றில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1918இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிர்ஸ்டீன் ஸ்மித், பல்லுறுப்புக் கோவைகளைப் பொருத்துவதற்கு எந்தப் புள்ளிகளில் அளந்தால் பிழை குறையும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். இத்துறையின் தொடக்கம் அதுவே. 1935இல் ஆர். ஏ. ஃபிஷரின் சோதனை வடிவமைப்பு நூல் வந்தது. 1943இல் ஆப்ரகாம் வால்ட், ஒரு சோதனைத் தொகுப்பு எவ்வளவு தகவல் தரும் என்பதை ஒரே எண்ணில் சுருக்கும் அளவுகோலை முன்வைத்தார்.

1945இல், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய இளைஞர் சி. ஆர். ராவ், ஓர் அளவுருவை எவ்வளவு துல்லியமாகக் கணிக்க முடியும் என்பதற்குத் தாண்ட முடியாத எல்லை உண்டு என்று நிறுவினார். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தரவை அலசினாலும் அந்த எல்லைக்குக் கீழே பிழை இறங்காது. பொருள் சோதனை செய்பவருக்கு இதன் உட்பொருள் பெரிது. எல்லையை நிர்ணயிப்பது சோதனையில் உள்ள தகவல். அலசும் மென்பொருளால் அதை மாற்ற முடியாது. துண்டை வெட்டுவதற்கு முன்பே, எந்தச் சோதனைத் தொகுப்பு எவ்வளவு துல்லியம் தரக்கூடும் என்று காகிதத்திலேயே கணக்கிடலாம். முதல் துண்டு இயந்திரத்தில் ஏறும் முன்பே தேர்வு நடந்து முடிய வேண்டும் என்பதற்கு இதைவிட உறுதியான அடிப்படை இல்லை.

அமைப்பை மாற்றினாலே தகவல் கூடும் என்பதற்கு, இரண்டு பொருள்களை எடை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இருதட்டுத் தராசில் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தால் ஒவ்வொன்றின் எடையிலும் தராசின் பிழை முழுதாக இருக்கும். அதே இரண்டு நிறுத்தல்களில், முதல் முறை இரண்டையும் ஒரே தட்டில் வைத்தும், இரண்டாம் முறை ஒன்றை இந்தத் தட்டிலும் மற்றதை எதிர்த் தட்டிலும் வைத்தும் நிறுத்துக் கணக்கிட்டால், பிழையின் பரவற்படி பாதியாகிவிடும். 1944இல் ஹெரால்ட் ஹோட்டலிங் விரித்து எழுதிய கணக்கு இது. தராசும் அதே, நிறுத்தல் எண்ணிக்கையும் அதே. மாறியது அமைப்பு மட்டுமே.

அதே காலத்தில் ராவ் உருவாக்கிய செங்குத்து வரிசைகள், அதாவது பல காரணிகளைச் சில சோதனைகளில் சமமாகக் கலக்கும் அட்டவணைகள், இன்னொரு பாதையில் பயணம் செய்தன. 1950களின் நடுவில் கொல்கத்தாக் கழகத்துக்கு வந்து பணியாற்றிய கெனிச்சி தகுச்சி, பிற்காலத்தில் அத்தகைய வரிசைகளைத் தொழிற்சாலைகளுக்குப் பரப்பினார். இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இயந்திரப் பொறியியல் ஆய்வேடுகளைப் புரட்டினால் தகுச்சியின் எல் 9, எல் 27 அட்டவணைகள் தவறாமல் தென்படும். எந்தக் காரணி முக்கியம், எது முக்கியமில்லை என்று முதல் சுற்றில் வடிகட்ட அவை மிக நல்ல கருவி. வளைந்த சமன்பாடொன்றின் ஐந்து எண்களைத் துல்லியமாகப் பொருத்த அவை உருவாக்கப்படவில்லை. அந்தப் பணிக்கும் அதே அட்டவணையை எடுத்துவைப்பது நம் ஆய்வகங்களில் வேரூன்றிய பழக்கம். இதை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

விடை தெரிந்தால்தான் கேள்வியைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

நேர்கோடு போன்ற எளிய சமன்பாட்டுக்குச் சிறந்த சோதனைப் புள்ளிகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பத்துச் சோதனைகள் செய்ய முடியுமானால் ஐந்தை ஒரு கோடியிலும் ஐந்தை மறு கோடியிலும் செய்ய வேண்டும். சாய்வைப் பொறுத்தவரை இந்தப் பத்தின் துல்லியத்தை, சம இடைவெளியில் பரப்பிய சோதனைகளால் எட்ட 28 வேண்டும்.

ஜான்சன்-குக் போன்ற சமன்பாட்டில் இவ்வளவு எளிதில்லை. எந்த இடத்தில் சோதித்தால் தகவல் அதிகம் என்பதே, தேடும் எண்களைப் பொறுத்து மாறும். 1953இல் ஹெர்மன் செர்னாஃப் இதற்கு ஒரு வழி சொன்னார்: எண்களை உத்தேசமாக ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்துக்குச் சிறந்த சோதனையைச் செய்யலாம். 1959இல் பாக்ஸும் லூகாஸும் வளைந்த சமன்பாடுகளுக்கு அதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1960இல் கீஃபரும் வுல்ஃபோவிட்ஸும், கையிலுள்ள சோதனைத் திட்டம் உண்மையிலேயே சிறந்ததா என்று சரிபார்க்கும் தேற்றத்தைத் தந்தார்கள். டென்னிஸ் லிண்ட்லி 1956இலேயே வேறொரு கோணத்தைத் திறந்திருந்தார். சோதனைக்கு முன் நமக்குள்ள ஐயத்தை ஒரு நிகழ்தகவுப் பரவலாக எழுதிக்கொள்ள வேண்டும். சோதனைக்குப் பின் அந்த ஐயம் சராசரியாக எவ்வளவு குறையும் என்று கணக்கிட வேண்டும். அதிகம் குறைக்கும் சோதனையே நல்ல சோதனை.

இந்தப் பாதையின் கணக்கு அன்றைய கணினிகளுக்கு எட்டாதது. இன்று ஒரு மேசைக் கணினி செய்துவிடும். நடைமுறையில் ஆய்வாளர்கள் படிப்படியாகப் போகிறார்கள். மலிவான யுடிஎம் சோதனைகள் சிலவற்றைச் செய்து ஐயத்தின் எல்லையைக் குறுக்குவார்கள். அடுத்த சோதனை எங்கே என்று கணக்குப் போட்டு அதைச் செய்வார்கள். பிறகு மறுபடி கணக்கு. விலையுயர்ந்த தகட்டு மோதல் சோதனை கடைசியாக, அதுவும் மிஞ்சிய ஐயத்தை அது மட்டுமே தீர்க்கும் என்று தெரிந்த பிறகே. ஒரு சோதனை தரும் தகவலை அதன் செலவால் வகுத்துப் பார்ப்பது இங்கே இன்றியமையாதது.

கல்பாக்கத்தின் நீண்ட காத்திருப்பு

செலவு என்றால் பணம் மட்டுமல்ல. சில சோதனைகளில் காலமே பெரிய செலவு. இதற்கு நமக்கு அருகிலுள்ள சான்று கல்பாக்கம். அங்கே கட்டப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில், உலையகத்தை விட்டு வெளியேறும் திரவச் சோடியத்தின் வெப்பம் 547 டிகிரி செல்சியஸ். வடிவமைப்பு ஆயுள் 40 ஆண்டுகள். அத்தகைய சூட்டில் எஃகு, தாங்கக்கூடிய சுமையின்கீழும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். பொறியாளர்கள் க்ரீப் என்று சொல்லும் இந்த நீட்சி ஒருநாள் முறிவில் முடியும். 40 ஆண்டு என்பது ஏறக்குறைய 3.5 லட்சம் மணி நேரம். உலையைக் கட்ட அவ்வளவு காலம் சோதித்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

ஆகவே வெப்பத்தைக் கூட்டிச் சோதனையை விரைவுபடுத்துகிறார்கள். 1952இல் லார்சனும் மில்லரும் தந்த சூத்திரம் வெப்பத்தையும் காலத்தையும் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள உதவும். அதிலுள்ள மாறிலியை வழக்கம்போல் 20 என்று கொண்டால், 550 டிகிரியில் 3.5 லட்சம் மணி நேரத்துக்கு ஈடாக 600 டிகிரியில் 12,000 மணி நேரமும் 650 டிகிரியில் வெறும் 600 மணி நேரமும் போதும். ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஒரு சோதனை, ஒரு மாதத்துக்குள் முடியும் இன்னொரு சோதனை. அவசரத்தில் இருப்பவர் இரண்டாவதைத்தான் எடுப்பார்.

மாறிலி 20 அல்ல, 18 என்றால் என்ன ஆகும்? 650 டிகிரியில் 600 மணி நேரம் தாங்கிய துண்டிலிருந்து கணித்தால், 550 டிகிரியில் ஆயுள் 3.5 லட்சத்திலிருந்து 2 லட்சம் மணி நேரமாகச் சரிந்துவிடும். 600 டிகிரியில் 12,000 மணி நேரம் தாங்கிய துண்டிலிருந்து கணித்தால் 2.6 லட்சத்தில் நிற்கும். பயன்பாட்டு நிலைக்கு அருகில் செய்த சோதனை, சூத்திரத்தின் குறையை அவ்வளவு பெருக்கிக் காட்டுவதில்லை. எஃகுக்குள் நடப்பதும் இதோடு சேர்கிறது. மிகை வெப்பத்தில் தானிய எல்லைகளில் படியும் சேர்மங்களின் வகையும் வேகமும் மாறும். அப்போது சோதிக்கப்படுவது, உலையில் நடக்கப்போகும் சேதம் அல்லாத வேறொரு சேதமாகக்கூட இருக்கலாம். விரைவான சோதனை தவறான கேள்விக்குத் துல்லியமான பதில் தரும் அபாயம் இதுதான்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வேக உலைகளுக்கான 316 எல்என் எஃகில் நைட்ரஜனின் பங்கை ஆராய்ந்த விதம் இங்கே நினைக்கத்தக்கது. 0.07 முதல் 0.22 சதவீதம் வரை நைட்ரஜன் உள்ள நான்கு உருக்குகளைத் தயாரித்துச் சோதித்தார்கள். கோடிகளை அகலமாக வைத்ததால் நைட்ரஜனின் விளைவு பெரிதாகத் தெரியும். நடுவிலும் புள்ளிகள் இருப்பதால் விளைவு நேர்கோடாகப் போகிறதா, வளைகிறதா என்றும் தெரியும்.

மாதிரியே தவறாக இருந்தால்?

துறையின் மையச் சங்கடம் இங்கேதான். சிறந்த சோதனைத் திட்டம் எதுவானாலும் அது ஒரு மாதிரியை நம்பியே கணக்கிடப்படுகிறது. நேர்கோட்டுக்கு இரு கோடிகளில் மட்டும் சோதித்தவர், உண்மை வளைந்திருந்தால் அதை அறியவே மாட்டார். நடுவில் ஒரு சோதனைகூட அவரிடம் இருக்காது. மாதிரியில் உறுதி எவ்வளவு கூடுதலோ, அதைச் சந்தேகிக்கும் வாய்ப்பு திட்டத்தில் அவ்வளவு குறையும்.

ஜான்சன்-குக் மாதிரி திரிபு வீதத்தின் மடக்கைக்கு நேர்விகிதத்தில் வலிமை கூடும் என்கிறது. நொடிக்குச் சில ஆயிரத்தைத் தாண்டும்போது பல உலோகங்களில் வலிமை அதைவிடச் செங்குத்தாக ஏறுகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. அந்தப் பரப்பில் கணிப்பு தேவைப்படும்போது, மெதுவான சோதனைகளில் பொருத்திய சி பயன் தராது. 1967இல் பாக்ஸும் ஹில்லும், 1975இல் அட்கின்சனும் ஃபெடரோவும் இதற்கு வழி தேடினார்கள். எண்களைத் துல்லியமாக்கும் சோதனை ஒரு வகை. இரண்டு மாதிரிகளில் எது சரி என்று பிரித்துக்காட்டும் சோதனை வேறு வகை. இரண்டு மாதிரிகளும் ஒரே விடை சொல்லும் இடத்தில் சோதிப்பது வீண். அவை முரண்படும் இடத்துக்குப் போக வேண்டும். 2001இல் கென்னடியும் ஓ'ஹேகனும் இன்னொரு படி போனார்கள். மாதிரிக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியையே தனியாகக் கணிக்க வேண்டிய ஒன்றாகச் சமன்பாட்டில் சேர்த்தார்கள். அதைச் சேர்க்காவிட்டால் அளவுருக்கள் அந்த இடைவெளியைத் தங்களுக்குள் விழுங்கி, பார்ப்பதற்குத் துல்லியமாகவும் உண்மையில் தவறாகவும் வந்து நிற்கும்.

களமசேரியில் எச்எம்டி கடைசல் இயந்திரங்களைக் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதன் ஓர் எடுத்துக்காட்டு கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. கடைசலில் உளி எஃகைச் சீவும்போது சுருள் பிரியும் மெல்லிய பட்டையில் திரிபு வீதம் நொடிக்குப் பல்லாயிரத்தைத் தொடும். ஹாப்கின்சன் தண்டு எட்டாத பரப்பு அது. அந்த வெட்டு விசையை அளந்து, சுருளின் தடிப்பை அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுருக்களைக் கண்டுபிடிக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். மலிவான வழி, வேகமும் வெப்பமும் திரிபும் ஒருங்கே பெரிதாக இருக்கும் வழி. ஆனால் அவை மூன்றும் ஒன்றாகவே நகர்கின்றன. வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடும். இதனால் வெவ்வேறு அளவுருத் தொகுதிகள் ஒரே வெட்டு விசையைத் தந்துவிடுகின்றன. உராய்வு பற்றிய அனுமானமும் இதில் கலந்துவிடுகிறது. யுடிஎம்மில் செய்த சில சூடான சோதனைகளைக் கடைசல் அளவீட்டோடு இணைத்தால் இந்தக் குழப்பம் பெரிதும் தெளியும். தனியாக நின்று குறை சொல்லப்படும் சோதனையும், சரியான துணை கிடைத்தால் மதிப்புள்ளதாகிறது.

ஏற்பதற்கான சோதனை, அறிவதற்கான சோதனை

கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்துக்கு, ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கிய டிஎம்ஆர் 249ஏ எஃகைப் பொதுத்துறை எஃகு நிறுவனமான செயிலின் ஆலைகள் வார்த்துக் கொடுத்தன. இத்தகைய எஃகை, சுத்தியால் அடித்து முறிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அளக்கும் சார்பி சோதனையில், உறைநிலைக்கு வெகு கீழான வெப்பத்தில் உடைத்துப் பார்க்கிறார்கள். அரபிக் கடல் ஒருபோதும் அவ்வளவு குளிராது. குளிரில் எஃகு நெகிழ்வை இழந்து கண்ணாடிபோல் உடையும் நிலைக்கு மாறுகிறது. அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பயன்பாட்டு வெப்பத்தில் சோதித்துக் காண முடியாது. பொருள் தோற்கக்கூடிய இடத்துக்குச் சோதனை போக வேண்டும் என்ற நெறி இதில் இருக்கிறது.

சார்பி சோதனை ஏற்பதற்கான சோதனை. தகடு தேறியதா, தேறவில்லையா என்று சொல்லும். அது தரும் ஆற்றல் எண்ணை நேரடியாக வலிமை மாதிரியின் அளவுருவாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டில் தரநெறிகள் கேட்பதால் ஆய்வகங்கள் செய்யும் சோதனைகளில் பெரும்பகுதி இந்த வகை. அவை தேவை, பாதுகாப்பின் முதல் வேலி அவை. கணிப்புக்கு வேண்டிய எண்களை அவற்றிலிருந்து எதிர்பார்க்கும்போதுதான் பிழை தொடங்குகிறது. பாலாரிவட்டத்தில் நடந்த வாதமும் இந்த எல்லையில்தான் நின்றது. ஏற்பதற்காக வகுக்கப்பட்ட சோதனையிடம் ஆயுளைக் கேட்டால் அது பேசாது.

இனிச் செய்ய வேண்டியவை

களமசேரியில் 1971இல் தொடங்கிய கொச்சிப் பல்கலைக்கழகத்தில் இன்று கப்பல் தொழில்நுட்பத் துறை உண்டு. பக்கத்தில் கடற்படை ஆய்வகம், நகரின் தெற்கே கப்பல் கட்டும் தளம், தலைக்குமேல் மெட்ரோ பாலம். தமிழ்நாட்டில் கல்பாக்கமும் சென்னை ஐஐடியும் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகளும். கருவிகளைப் பற்றிய குறை இன்னும் உண்டு. ஆனால் இருக்கும் கருவிகளில் நடக்கும் சோதனைகளை நல்ல கேள்விகளோடு இணைத்தாலே கிடைக்கும் அறிவு பலமடங்காகும். அதற்கு நான்கு வழக்கங்கள் போதும்.

முதலாவது, சோதனைத் துண்டை வெட்டுவதற்கு முன் எந்த முடிவுக்காக இந்தச் சோதனை என்று ஒரு பக்கத்தில் எழுதிவைப்பது. சோதனையின் விடை எப்படி வந்தாலும் முடிவு மாறாது என்றால், அந்தச் சோதனை தேவையில்லை.

இரண்டாவது, மாதிரியின் ஒவ்வொரு அளவுருவுக்கும் உணர்திறனைக் கணக்கிடுவது. மேலே சி பற்றிச் செய்த கணக்கைப் போல ஒன்று, ஒரு மாணவர் ஒரு மாலையில் செய்யக்கூடியது. பிழைக்குள் அமிழ்ந்துவிடும் சோதனைகள் அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது, சோதனைகளில் ஒரு பங்கை மாதிரியைச் சந்தேகிப்பதற்கென ஒதுக்குவது. பொருத்தத்துக்குப் பயன்படுத்தாத நிலையில் ஒரு டெய்லர் மோதல், நடுப்புள்ளியில் ஓர் இழுவிசைச் சோதனை. கணிப்பை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். பிறகு மாற்றி எழுதக் கூடாது.

நான்காவது, வளைகோடுகளை முழுமையாகப் பாதுகாத்து வெளியிடுவது. தோல்வியுற்ற சோதனைகளும் அதில் இருக்க வேண்டும். ஐந்து எண்கள் மட்டும் அச்சேறி, அவை எங்கிருந்து வந்தன என்ற தரவு அழிந்துபோனால், அடுத்தவர் அடுத்த சோதனையைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஒரு நாட்டின் பொருள் அறிவு அப்படித்தான் ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்கே திரும்புகிறது.

பாலங்களும் உலைகளும் கப்பல்களும் நம்மில் லட்சக்கணக்கானோர் உயிரைத் தாங்குகின்றன. அவற்றைப் பற்றிய முடிவுகள், செய்யப்பட்ட சோதனைகளின் எண்ணிக்கையை மேற்கோள் காட்டித்தான் பெரும்பாலும் நியாயப்படுத்தப்படுகின்றன. இனி அந்த எண்ணிக்கையைக் கேட்கும்போதெல்லாம், அச்சோதனைகள் எந்தக் கேள்விக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதையும் கேட்க வேண்டும். பொறியாளரிடமும், ஒப்பந்தக்காரரிடமும், அரசிடமும் இதைக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை, சோதனையைத் தேர்ந்தெடுத்தவருக்கு உண்டு.